பெட்டியில் இடம் இருக்கிறது

அன்புள்ள தங்கைக்கு,

குட்டை அண்ணன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. ஒரே ஒரு முறை படி, அப்புறம் உன் இஷ்டம்.

போன வாரம் நெட்டை போன துக்கம் கேட்க உன் வீட்டுக்கு வந்தபோது நீ வாசலில் நின்றபடியே சொன்னாய்: "தொண்டையில ஆபரேஷன் பண்ணினதும் அவருக்குப் பேச்சே போயிடுச்சு. போன்ல பேச முடியாதேன்னு உங்களுக்கு மூணு தடவை மெயில் எழுதினாரு. மூணும் திரும்பி வந்துச்சு. குட்டை என்னை வேணாம்னுட்டான்னு ஒரு தாள்ல எழுதிக் காட்டினாரு. அப்புறம் எழுதவே இல்ல." அதற்கு மேல் நீ உள்ளே வரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்குக் கால் வந்திருக்காது.

நேராகக் கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்தேன். மேலே சிவப்பில் ஒரு வரி: பெட்டி நிறைந்துவிட்டது, புதிய அஞ்சல்களை ஏற்க இயலாது. ஏழு மாதமாக அது அங்கேதான் இருக்கிறது. மெயில் கம்பெனிக்காரன் கூடுதல் இடத்தை விற்றுக் காசு பிடுங்கப் பார்க்கிறான் என்று நினைத்து, தினமும் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன். மெயில் வராததை வியாபார மந்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றாகக் கடை நடத்திய நானும் நெட்டையும் பிரிந்ததே இதனால்தான், உனக்குத் தெரியும். பெயர்ப்பலகைக் கடைக்கு வருகிற படமெல்லாம் பெரிது பெரிதாக இருக்கும், ஓசி மெயில் பெட்டி தாங்காது, காசு கட்டிக் கடை பெயரிலேயே மெயில் முகவரி வாங்கிவிடலாம் என்று நெட்டை தலைபாடாக அடித்துக்கொண்டான். 'நெட்டைகுட்டை' என்று முகவரி சொன்னால் வாடிக்கையாளர்கள் சிரிக்கிறார்களாம். ஊருக்கெல்லாம் பலகை எழுதுகிற நமக்கு ஒரு பெயர் வேண்டாமா என்றான். சும்மா கிடைப்பதற்கு எவனாவது காசு கொடுப்பானா என்று வேலையாட்கள் முன்னால் கத்தினேன். நீ பிரஷ்ஷைப் பிடி, புத்தி சொல்லாதே என்றும் சொன்னேன். அன்றைக்குப் பிரஷ்ஷைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போனவன்தான். முதலில் அவனே கூப்பிடட்டும் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். உடம்புக்கு முடியாமல் இருந்தது எனக்குத் தெரியாதம்மா.

நான் அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அது மெஷின் தானாக அனுப்பிய பதில். ஆனால் அப்படிச் சொல்லித் தப்பிக்கவும் வாய் வரவில்லை. அந்தச் சிவப்பு வரியைத் தினமும் மூடியது என் விரல்தானே.

நேற்று முழுக்க உட்கார்ந்து பழைய படங்களை அழித்தேன். பல் டாக்டர் பலகை, பேக்கரிப் பலகை, எல்லாம் போயிற்று. ஒன்றை மட்டும் அழிக்கக் கை வரவில்லை. நம் கடைக்கென்று நெட்டை வரைந்த பலகை. கீழே முகவரிக்காக இடம் விட்டு வைத்திருக்கிறான். அதைப் பார்த்து அழுதேன்.

நீ வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும்.

எனக்கு ஒன்றே ஒன்று செய். அந்த மூன்று மெயிலும் அவன் கணக்கில் இருக்கும். என்னை வரச் சொல்லியிருந்தாலும் சரி, வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாலும் சரி, அதே முகவரிக்கு மறுபடி அனுப்பம்மா. இப்போது பெட்டியில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் நெட்டையின்
குட்டை