இரண்டு ஓய்வூதியமும் ஒரு கல்யாணமும்

மார்ச் 4, செவ்வாய்

வரி அலுவலகத்திலிருந்து கடிதம். போன ஆண்டுக்கு நான் கட்டியது போதாதாம். பாக்கியைக் கட்டச் சொல்கிறார்கள். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். தொகை மாறவில்லை.

எனக்கு வருவது இரண்டு ஓய்வூதியம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துச் சம்பாதித்தது ஒன்று. மற்றது என் கணவருடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவர் போன பிறகு மனைவிக்கென்று அனுப்புகிறார்கள். இரண்டு இடத்திலும் வரியைப் பிடித்துக்கொண்டுதானே தருகிறார்கள்? பிறகு பாக்கி எங்கிருந்து முளைத்தது?

மாலை நடையில் லிஃப்ட்காரரிடம் சொன்னேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவர். வேலை பார்த்த காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர். "என் பென்ஷனப் பாத்துட்டு வரிக்காரங்களே பாவம்னு விட்டுட்டாங்க மேடம். நீங்க வசதியானவங்க, கட்டுங்க" என்றார்.

சிரித்துவிட்டேன். பாக்கி அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

வரி அலுவலகம் போய் வந்தேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், மகளைவிடப் பொறுமை.

"ரெண்டு எடத்துக்கும் ஒருத்தர ஒருத்தர் தெரியாதும்மா. இவ்வளவு வரைக்கும் வரி இல்லன்னு ஒரு வரம்பு இருக்கில்ல, அத ரெண்டு பேரும் தனித்தனியாக் கழிச்சிட்டாங்க. ஒரு தடவதான் கழிக்கணும்."

ஆக, ஒரே சலுகையை இரட்டிப்பாக அனுபவித்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். இனி அந்த வரம்பை என் ஓய்வூதியத்தில் மட்டும் கழிப்பார்களாம்.

எழுந்து வர மனமில்லாமல் இன்னொன்றும் கேட்டேன். வருமானம் ஒரு அளவைத் தாண்டினால் மொத்தத்துக்குமே கூடுதல் வரி போட்டுவிடுவார்கள் என்று எதிர்வீட்டம்மா பயமுறுத்தி வைத்திருந்தார்.

"இல்லம்மா. தாண்டுற பகுதிக்கு மட்டும்தான் அந்த ரேட்டு. கீழ இருக்கறத யாரும் தொட மாட்டாங்க."

இத்தனை வயதுக்கு இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். வீட்டில் அவர்தான் கணக்கு பார்ப்பார். நான் கையெழுத்து மட்டும்.

மார்ச் 7, வெள்ளி

பாக்கியைத் தவணையில் கட்டிக்கொள்ளலாம். பால்கனிக்கு நாற்காலி வாங்குவது தள்ளிப்போகிறது. பரவாயில்லை, தரையில் உட்கார்ந்தாலும் அதே வெயில்தான்.

மார்ச் 15, சனி

இதை எப்படி எழுதுவது?

லிஃப்ட்காரருக்குக் கண் பரிசோதனை. மருந்து ஊற்றினால் சில மணி நேரம் சரியாகப் பார்வை தெரியாது என்பதால் துணைக்குப் போனேன். உள்ளே கூட்டிப்போகும்போது நர்ஸ், "கூட வந்திருக்கீங்களே, நீங்க சொந்தமா?" என்றாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "மேல் மாடி" என்றேன். "அப்ப வெளிய உக்காருங்க."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். எக்ஸ்ரே அறை வாசலில் நின்று நானே எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான் அது. ஆனால் வெளியே உட்காருவது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில், கறுப்புக் கண்ணாடியோடு நேரே பார்த்தபடி அவர் கேட்டார்: "நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"இப்ப கேட்டாத்தான் உண்டு மேடம். உங்க மூஞ்சி எனக்கு சரியாத் தெரியல. தெரிஞ்சா தைரியம் போயிடும்."

அம்மாவைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைத் தாண்டியவர். யாராவது கேட்டால், "மறந்துட்டேன்" என்பார்.

மார்ச் 16, ஞாயிறு

சரி என்று சொல்லத்தான் ஆசை. எழுதிவிட்டேன், இனி அழிக்கப்போவதில்லை.

ஆனால் மறுமணம் செய்துகொண்டால் கணவருடைய ஓய்வூதியம் நின்றுவிடும். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவள் நான். தெரியாது என்று சொல்ல முடியாது. என் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அது.

மார்ச் 20, வியாழன்

மகளிடம் போனில் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. "நல்ல மனுஷன்மா. ஆனா ரெஜிஸ்டர் எதுக்கு? அவரை மேல வந்து இருக்கச் சொல்லு. பென்ஷனும் நிக்காது. யாரு வந்து கேக்கப் போறா?"

ஒளித்துமறைத்துக் குடித்தனம் நடத்தச் சொல்லி ஒரு மகள் அம்மாவுக்கு யோசனை சொல்கிறாள். அவள் கல்லூரியில் படித்த காலத்தில் நான் எதற்கெல்லாம் சத்தம் போட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"உள்ள விடணும்ல என்னை" என்றேன். கண் ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். "சரி, கணக்குப் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணு" என்றாள். அப்பாவின் பெண்.

மார்ச் 23, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். அவருடைய ஒரே தங்கை, இரண்டு தெரு தள்ளி வீடு. மகள் மூலம் காதுக்கு எட்டியிருக்கிறது. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணன் வெயில்லயும் மழையிலயும் அந்தக் கிரேன் கூண்டுல ஏறி உக்காந்து சம்பாதிச்சது அண்ணி. உங்களுக்குன்னு வெச்சிட்டுப் போனாரு. அதப் போய் வேணாங்கறீங்களே."

டீயைத் தொடவில்லை. போய்விட்டாள்.

அவரு உழைச்சது எனக்குத் தெரியாதா? ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவருக்கு முதுகு தேச்சு விட்டது யாரு, இவளா? — எழுதியபிறகு வெட்கமாக இருக்கிறது. அவள் அண்ணனுக்காகத்தான் பேசினாள். இந்த ஊரில் அவருக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

மாதம் பிறந்து அந்தப் பணம் வரும்போதெல்லாம் அவரே வந்து கையில் கொடுப்பதுபோல இருக்கும். அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் போல.

ஏப்ரல் 2, புதன்

சமையலறை மேசையில் கணக்கு. எதிரே லிஃப்ட்காரர், எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டு. "என்னால உங்க கைக்கு வர்றது குறையும்னா இந்தப் பேச்சே வேணாம்" என்று வந்ததிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பேசாமல் இருக்கச் சொன்னேன்.

கவுன்டர் பெண் சொன்னது அப்போதுதான் வேலை செய்தது. இரண்டையும் சேர்த்தால்தான் என் வருமானம் கூடுதல் வரிக்கான கோட்டைத் தாண்டுகிறது. என்னுடையது மட்டும் என்றால் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. ஆகவே, கூடுதல் வரி முழுக்கவும் என் கணவர் பணத்தின் மேல்தான் விழுந்துகொண்டிருக்கிறது. அது நின்றால் அந்த வரியும் நிற்கும். மூன்றில் ஒரு பங்கு போகிறது என்று பயந்தேனே, வரிக்குப் பிறகு பார்த்தால் நான்கில் ஒன்றுக்குச் சற்றே கூடுதல்.

அதுவும் சின்னதில்லை. ஆனால் இவர் கீழ் வீட்டைக் காலி செய்தால் வாடகை மிச்சம். மின்சாரம், இணையம் எல்லாம் ஒன்றாகிவிடும். வேலையை விட்டபோது மொத்தமாக வந்த தொகையை வங்கியில் போட்டிருக்கிறார், வட்டி வருகிறது. அந்த வட்டியையும் ஓய்வூதியத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. சேர்த்துப் பார்த்தேன். அப்போதும் வரம்புக்குள்தான்.

"இப்பவும் பாவம்தானா நான்?" என்றார்.

"இப்பவும் பாவம்தான்."

முழுசாக ஈடுகட்டவில்லை. மாதம் கொஞ்சம் துண்டு விழும்; ஆண்டுக்கொரு பயணம் போகாமல் இருந்தால் சரியாகிவிடும். பயணத்தில் எனக்கு முழங்கால் வலிதான் மிச்சம்.

ஏப்ரல் 5, சனி

கணக்கு சரி. மனசு?

அவர் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உங்கள் பணம் வேண்டாம் என்று சொல்வது உங்களை வேண்டாம் என்று சொல்வதாகுமா? யோசித்துப் பார்த்தால், நான் தனியாக விழாமல் இருக்கத்தான் அந்தப் பணம். ஆறு வருஷம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். போதும் என்றால் அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. மீதி சாதத்தை அடுத்த வேளைக்கு எடுத்து வைத்தால்தான் கோபித்துக்கொள்வார்.

மாலை நடையில் சரி என்று சொன்னேன். லிஃப்ட்காரர் இன்று கறுப்புக் கண்ணாடி போடவில்லை. என் முகம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

மே 12, திங்கள்

பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. மகளும் மருமகனும் சாட்சி. நாத்தனாரிடம் நேரில் போய்ச் சொல்லியிருந்தேன். வரவில்லை. ஒரு காலி நாற்காலி இருந்தது; அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

மத்தியானம் எல்லாருமாக ஓட்டலில் சாப்பிட்டோம். பில்லை யார் கொடுப்பது என்று மருமகனும் இவரும் இழுபறி. நான் கொடுத்தேன்.

மே 14, புதன்

அவருடைய ஓய்வூதியத்தை நிறுத்தச் சொல்லி நானே எழுதி அனுப்பினேன். இவர்தான் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

ஜூன் 2, திங்கள்

ஒன்று மட்டும் வந்திருக்கிறது. வங்கிச் செய்தியைப் பார்த்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். வயிற்றில் ஏதோ ஒரு காலி. ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. பசியாகக்கூட இருந்திருக்கலாம்.

ஜூன் 18, புதன்

இந்த மனிதர் எந்த அறையிலிருந்து வெளியே வந்தாலும் விளக்கை அணைப்பதில்லை. கேட்டால், "லிஃப்ட் குழிக்குள்ளயே இருட்டுல வேல பாத்தவன், வெளிச்சம் வேணும்" என்கிறார். நான் மட்டும் இருட்டறையில் படம் கழுவவில்லையா? போன வாரம் ஒப்பந்தம் போட்டோம்: மின்கட்டணம் அவர் பங்கு, மளிகை என் பங்கு. மறுநாளே எல்லா விளக்கும் அணைந்திருந்தன.

ஜூலை 8, செவ்வாய்

வரிப் பாக்கியின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டேன்.

ஜூலை 19, சனி

காலையில் இவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி. திறந்தால் நாத்தனார். முந்தானை நனைந்திருந்தது, மூச்சு வாங்கியது. மார்ச்சுக்குப் பிறகு இந்த வாசலை அவள் மிதிக்கவில்லை.

"அண்ணி, அண்ணன் இருக்காரா?"

யாரைக் கேட்கிறாள் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. சுவரில் இருந்த படத்தைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

"சமையக்கட்டுல குழாய் புட்டுக்கிச்சு, தண்ணி கூடம் வரைக்கும் வந்திருச்சு. வாச்மேன் ஞாயித்துக்கெழம கழிச்சுதான் ஆள் வரும்னு சொல்றான்."

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு இவர் வந்து நின்றார். "மெயின் வால்வ மூடினீங்களா?"

"அது எங்க இருக்குன்னே தெரியாதுண்ணே."

நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, கருவிப் பையைத் தேடிப் போனார். நான் அவளை உட்காரச் சொல்லி, போட்டு வைத்திருந்த டீயைக் கொடுத்தேன். இவர் பையோடு வருவதற்குள் முழுசாகக் குடித்துவிட்டு, கூடவே கிளம்பினாள்.