கோயுமியின் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் நம்ம வீட்டுப் பெருநாளும்

முவைலா, ஷார்ஜா
நோம்பு பத்து, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஃபஸ்னாவுக்கு உம்மாவின் ஸலாம். அல்லாஹ்வுடைய கிருபையால நானும் வாப்பாவும் என் முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லாம நோம்பு பிடிச்சுக்கிட்டு இருக்கோம், அந்தக் கியோட்டோ குளிர்ல நீ காதை மூடிக்கிட்டு வயித்துக்குச் சாப்பிட்டு நல்லா இருந்தா அதுவே எங்களுக்குப் போதும். தினமும் போன்ல பேசறவ எதுக்குக் கடுதாசி எழுதறான்னு நினைப்பே. நீதானே சொன்னே, கெய்ஷா ஆகறதுக்குப் பழகற அந்த மைக்கோ பிள்ளைங்களுக்குப் போன் கொடுக்க மாட்டாங்க, பெத்தவங்களுக்குக் கையாலதான் கடுதாசி எழுதுவாங்கன்னு. அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கும் ஆசை வந்துடுச்சு. போன்ல நான் வாயைத் திறந்தா நீ சரிம்மா சரிம்மான்னு முடிச்சுடறே, கடுதாசி குறுக்கே பேசாது. மூணாவது மாடி முகம்மது ஆசிக் கம்பெனி வேலையா ஒசாகா வர்றான், அவன் கையில கொடுத்து அனுப்பறேன். தமிழ் மறந்திருந்தா எழுத்துக்கூட்டிப் படி, லீவு நாள்ல உன் காதைத் திருகி நான் சொல்லிக்கொடுத்தது வீணாப் போகக்கூடாது.

நீ அனுப்பின படமெல்லாம் பார்த்தோம். வறுத்த பயறை எறிஞ்சு ஷைத்தானை விரட்டற பண்டிகைன்னு நான் சொன்னதும் வாப்பா அங்கேயும் அவன் தொல்லை உண்டான்னு சிரிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி பெரிய கெய்ஷாக்கள் ஆள் அடையாளம் தெரியாம வேஷம் கட்டிக்கிட்டு வர்றதைப் பார்த்து எனக்கே சிரிப்பு தாங்கல. பிளம் பூத்த கோயில்ல வெளியில பாயும் பெஞ்சும் போட்டு மைக்கோ பிள்ளைங்க எல்லாருக்கும் டீ ஊத்திக் கொடுக்க, நீ கிமோனோக் கடை வேலையா நோம்போட பக்கத்துல நின்னு அவங்க கிமோனோ நுனி மண்ணுல படாம பார்த்துக்கிட்டு இருந்தியாமே, மாஷா அல்லாஹ். வேலைன்னா வேலைதான், ஆனா தலை சுத்தினா உட்காரு, வீம்பு பண்ணாதே. அப்புறம் நீ சொன்னது மனசுலயே நிக்குது, பூ மரத்துல நிறைய பூக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பூப் போட்ட கிமோனோவை உடுத்திடணும், மாசத்துக்கு மாசம் தலையில வைக்கிற பட்டுப்பூவையும் மாத்தணும், பூத்து முடிஞ்சப்புறம் உடுத்தினா விவரம் தெரியாதவன்னு சிரிப்பாங்கன்னு. இங்கே நமக்கென்ன வசந்தம், ஏ.சி.யை அணைச்சுட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிற ரெண்டு மூணு வாரம்தான். ரவுண்டானாவுல முனிசிபாலிட்டிக்காரங்க வச்ச பூவைப் பார்த்தா உன் ஞாபகம் வருது.

அந்த மைக்கோ பிள்ளைங்கள்ல உன் சிநேகிதி கோயுமியோட படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தப்போ கிமோனோ தோள்ல ஒரு மடிப்பு தெரிஞ்சுது. தையக்காரி கண்ணாச்சே, விடுமா. இருபது வயசுப் பொண்ணுக்கு எதுக்கு வளர்ற பிள்ளை மாதிரி மடிப்புன்னு கேட்டேன். அவ இன்னும் சின்னப் பிள்ளைன்னு காட்டத்தான் அந்த மடிப்பு, கெய்ஷா ஆகறப்போ அது இருக்காது, சிவப்புக் கழுத்துப்பட்டைக்குப் பதிலா வெள்ளைப் பட்டை வரும்னு நீ சொன்னே. சரின்னு போனை வச்சுட்டு நான் தைச்சு வச்ச உன் பெருநாள் உடுப்பை எடுத்துப் பார்க்கறேன், கீழே அஞ்சு விரக்கடை உள்மடிப்பு! உன் ஸ்கூல் யூனிஃபாரத்துக்கு வைப்பேனே அதே மாதிரி, வருஷா வருஷம் பிரிச்சு இறக்கறதுக்கு. இருபத்தாறு வயசுக் குமரி இனிமே எங்கே வளரப் போறா, கை தன்னால வச்சுடுச்சு. வாப்பாகிட்டே காட்டினேன், இருந்துட்டுப் போகட்டும்னாங்க. நானும் பிரிக்கல.

இப்போ மனசுல உள்ளதைச் சொல்லிடறேன், கோவிச்சுக்காதே. போன வாரம் பேசிக்கிட்டு இருக்கும்போதே நீ அந்தப் பக்கம் திரும்பி யாரையோ ஒக்காசான்னு கூப்பிட்டே. என்னன்னு கேட்டதுக்கு, கோயுமி தங்கிப் பழகற மைக்கோ வீட்டு முதலாளியம்மா, அங்கே எல்லாரும் அவங்களை அம்மான்னுதான் கூப்பிடுவாங்க, கிமோனோ கொண்டு போய்க் கொடுக்கிற நாங்களும் அப்படித்தான்னே. அன்னைக்கு நோம்புக் கஞ்சியில உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேன். வயித்தெரிச்சல்தான், ஒளிக்க மாட்டேன். பெத்தவ இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கறப்போ இன்னொருத்தியை அம்மாங்கறியே! ஆனா நோம்பு திறக்க உனக்குச் சோறும் மீனும் கட்டிக் கொடுத்து அனுப்பறாங்களே, அதுக்காக அஞ்சு வேளையும் அவங்களுக்கு துஆ செய்யறேன். எதுல என்ன சேர்த்திருக்குன்னு கேட்டுக்கிட்டுச் சாப்பிடு.

கோயுமி கழுத்துப்பட்டை மாத்தற நாளும் நம்ம பெருநாளும் ஒரே வாரத்துல வருதுன்னு நீ சொன்னதும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு இந்தப் பெருநாளைக்குத்தான் வர்றேன்னே. உனக்கே தெரியும், ஜூனோட வாப்பாவுக்கு விசா முடியுது, வயசாயிடுச்சுன்னு புதுப்பிக்கல. வீட்டைக் காலி பண்ணி ஊருக்குப் போறோம். நீ பொறந்து வளர்ந்த வீடு இது, இதுல நமக்கு இதுதான் கடைசி நோம்புப் பெருநாள். வாப்பா வெளியில ஒண்ணும் காட்டிக்க மாட்டாங்க, ஆனா வேலை பார்க்கற கடையில கந்தூரா அங்கிக்குத் துணி வாங்க வர்ற ஒவ்வொரு அரபிகிட்டேயும், இது ஜப்பான் துணி, என் மக அங்கேதான் இருக்கான்னு சொல்றாங்களாம், என்னமோ நீயே நெய்து அனுப்பின மாதிரி. ஏர்போர்ட்டுக்குப் போறதுக்குன்னு காரைக் கழுவி வச்சிருக்காங்க.

நீ கேட்டே, உம்மா நீயே சொல்லு, நான் வரட்டுமா இங்கே இருக்கட்டுமான்னு. நானும் தஸ்பீஹ் மணி உருட்டிக்கிட்டே நாலு நாளா யோசிக்கறேன். கோயுமிப் பிள்ளையோட உம்மா போன வருஷம் மௌத்தாயிட்டாங்கன்னு நீ சொன்னதுதான் என்னைத் தூங்க விடல. எங்கேயோ வடக்கே பனியில இருந்துக்கிட்டு பதினஞ்சு வயசுல மகளை அனுப்பி வச்ச தாய், கடுதாசியிலேயே மகளைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டு, அந்த வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பார்க்காமலே போயிட்டாளே. பட்டை மாத்தற அன்னைக்குத் தன் சொந்தம்னு நீ வந்து நிக்கணும்னு அது வாய் விட்டுக் கேட்டிருக்கு. அப்படிக் கேட்ட பிள்ளையை விட்டுட்டு நீ இங்கே வந்து உட்கார்ந்தா, பெருநாளைக்கு நான் வைக்கிற இனிப்பு வட்டிலப்பம் உனக்கும் தொண்டையில இறங்காது எனக்கும் இறங்காது. அந்தப் பிள்ளைக்கு நீ அந்த ஒரு நாள் வேணும். எனக்கு எந்நாளும் வேணும், அதனால நான் பொறுத்துக்குவேன். அங்கேயே இரு மகளே. போய் முன்னாடி நில்லு, அவ உம்மா பார்க்க வேண்டியதையும் சேர்த்துப் பாரு.

அல்லாஹ் உன் நோம்பையும் தொழுகையையும் ஏத்துக்கட்டும், உன் கையைக் காலைக் காப்பாத்தட்டும், நல்ல இடத்துல உனக்கொரு வாழ்க்கையைத் தரட்டும். ஏழைங்களுக்கு ஃபித்ரா தர்மம் கொடுக்க மறந்துடாதே, அங்கே யார்கிட்டே கொடுக்கறதுன்னு பள்ளிவாசல்ல கேளு. ஆசிக்கைப் பார்த்தா வெறுங்கையோட அனுப்பாதே.

இப்படிக்கு,
உன்னையே நினைச்சுக்கிட்டு இருக்கிற உம்மா
நஸீரா

பி.கு. மேலே எழுதினதெல்லாம் வாப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன், சரிதான்னு சொல்லிட்டு பால்கனிக்குப் போயிட்டாங்க, இன்னும் உள்ளே வரல. ஃபஸ்னா, அந்தப் பிள்ளை காரியம் முடிஞ்ச அன்னைக்கே டிக்கெட் கிடைச்சா ஏறி வந்துடு. பெருநாள் முடிஞ்சிருந்தா என்ன, நீ வர்ற அன்னைக்கு நான் வட்டிலப்பம் வைக்கிறேன், உன் வாப்பா புதுச் சட்டையைப் போடாம எடுத்து வச்சிருப்பாங்க.