சேசிஸ் நம்பரும் உப்புத்தாளும்

ஏப்ரல் 4, வெள்ளி

காலையிலிருந்து பனிமூட்டம். எதிர்மேட்டுத் தோட்டம் தெரியவில்லை. துணி காயாது.

வேன் நேற்று மதியம் ஜெகதளா வந்து சேர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து இவரே ஓட்டி ஏற்றினார். தேயிலை ஃபேக்டரி மூடி ஏழு மாதம். இலை லாரியை விட்டு இறங்கிய பிறகு என் வீட்டுக்காரர் ஸ்டியரிங் தொட்டது நேற்றுதான். முகத்தைப் பார்க்க வேண்டுமே, மாப்பிள்ளை ஊர்வலம் போல.

பக்கத்தில் துரை அண்ணன். பதினாறு வருஷம் சிங்கப்பூரில் சமைத்துப் போட்டுச் சேர்த்தது எல்லாம் இந்த வெள்ளை வேனில்தான். அங்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஓட்டிய வண்டி. இன்னமும் உள்ளே மீன்குழம்பு வாசம். கட்டிய வரிக்கு இங்கேயே புது வண்டி எடுத்திருக்கலாம். சொன்னால், "எனக்குப் பழகுன வண்டி அம்மிணி" என்கிறார். பிடிவாதத்தில் அப்படியே எங்கள் அப்பா.

இதுவரை தாண்டியது (அண்ணன் சொல்லச் சொல்ல எழுதியது):
- வண்டிக்கு மூன்று வயது தாண்டக் கூடாது. பதினோரு நாளில் தப்பித்தது!
- ஸ்டியரிங் வலது பக்கம். சரி.
- வேகம் கிலோமீட்டரில் காட்ட வேண்டும். சரி.
- முன் விளக்கு நம்மூர்ப் போக்குவரத்துக்கு ஏற்றபடி. அதற்கு ஒரு தாள்.
- இன்னும் ஐந்து வருஷம் ஓடும் என்று ஒரு தாள்.
- பழைய வண்டி என்றால் சென்னையில் இறக்க விடமாட்டார்களாம். மும்பைதான். அங்கே மூன்று வாரம், வடா பாவ் தின்றே நாக்கு செத்துவிட்டதாம்.

மீதி ஒன்றே ஒன்று. ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி நம்பர் வாங்க வேண்டும். தற்காலிகப் பதிவு 27 வரை. பிறகு டூரிஸ்ட் பர்மிட். மே மாத சீசனுக்கு வண்டி ரோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதாகச் சொல்கிறார். இன்றைக்கு மட்டும் மூன்று முறை சொல்லியாயிற்று. எங்கள் லைனில் பாதி வீடு அப்படித்தான் பூட்டிக் கிடக்கிறது. இலை விலை பறிகூலிக்கே கட்டவில்லை, யாரைக் குறை சொல்ல.

வெள்ளிக்கிழமை அல்லவா, பூஜை போட்டேன். அதற்கு முன் உள்ளே வெளியே கழுவல். டிரைவர் சீட்டைத் தூக்கினால் எண்ணெய்ப் பிசுக்கு, துரு, அசிங்கம். ஒரு மணி நேரம் தேய்த்தேன். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுந்து பார்த்து இவர், "ஏ புள்ள, புது வண்டியாட்டமே பண்ணிப்போட்ட!"

கை வலி. மனசு நிறைவு.

ஏப்ரல் 7, திங்கள்

ஊட்டி. நல்ல வெயில், ஆனால் குளிர்.

நம்பர் கிடைக்கவில்லை.

முறையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. பிரேக் இன்ஸ்பெக்டர் (இனி பி.இ.) எல்லாத் தாளையும் பார்த்தார். விளக்கு, ஹாரன், பிரேக், எல்லாம் சரி. கடைசியில் சேசிஸ் நம்பர். சீட்டைத் தூக்கி, சட்டத்தில் குத்தியிருக்கும் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எழுத்து தாளில் வரும், அதை மும்பைத் தாளோடு ஒத்துப் பார்ப்பார்கள். எல்லா எழுத்தும் வந்தது. கடைசி இரண்டு மட்டும் வெறும் கறுப்பு. மறுபடி தேய்த்தார். மறுபடி கறுப்பு.

"இதை யார் தேய்ச்சது?"

நான் இவருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். பி.இ. அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ஓனர் யாருங்க? நீங்களா? இது துருவுல போனதில்லைங்க. உப்புத்தாள் போட்டு ராவியிருக்கு. நம்பரை அழிச்சு வேற வண்டியைக் கொண்டாந்து ஓட்டறது எல்லாம் நாங்க பார்த்ததுதான். விளக்கம் எழுதிக் குடுங்க. இல்லைன்னா வண்டியை எடுத்து வெச்சுக்க வேண்டி வரும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பதினாறு வருஷம் வேலை பார்த்த இடத்தில் ஒரு தட்டு உடைத்தார் என்று பேச்சு வாங்காத மனுஷன்.

வரும் வழியில் கேத்தி தாண்டியதும் இவர்தான், "டீ குடிக்கலாமுங்களா மச்சான்?" யாரும் குடிக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

நான்தான்.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். நான்தான் தேய்த்தேன். உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, ஃபேக்டரியில் செய்வது போலவே. ஆயுத பூஜைக்கு முந்தின நாள், தூள் தரம் பிரிக்கிற சார்ட்டிங் பெண்கள் எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு மெஷின். ரோலர், டிரையர், எதுவானாலும் அதன் நம்பர் தகட்டைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிச் சந்தனம் வைக்க வேண்டும். யார் தகடு மின்னுகிறது என்று எங்களுக்குள் போட்டி. பத்தொன்பது வருஷம் அப்படித்தான். நம்பர் அழுக்காக இருந்தால் மெஷினுக்கு மரியாதை இல்லை என்பார், தூள் பக்குவம் பார்க்கிற டீ மேக்கர். அந்தத் தகடு பித்தளை. ஆழமாக வெட்டிய எழுத்து. இது இரும்புச் சட்டம். ஏற்கெனவே மேலோட்டமான குத்து, அதிலும் துரு. எனக்கு என்ன தெரியும்!

தெரியாது என்பது சரி. நேற்று ஏன் வாயைத் திறக்கவில்லை? பயம். அவ்வளவுதான். இவர் முகத்தைப் பார்த்துப் பயம்.

அண்ணன் காலை பஸ்ஸில் மறுபடி ஊட்டி. "சிநேகிதன் ஒருத்தனைப் பார்த்துட்டு வந்தர்றேன்." அவருக்கு ஊட்டியில் ஏது சிநேகிதன்.

ரேஷனில் சர்க்கரை இல்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

மழை. வேன் மேல் தார்ப்பாய்.

அண்ணன் கடைக்குப் போன நேரம் பார்த்து இவர்: "ஏனுங்க மச்சான்னு வாயார கூப்புடறேன், இல்லைங்கல. ஆனா அந்த வண்டி நெசமாவே அவுரு வண்டிதானா? அங்க எவங்கிட்டயாச்சும் ஏமாந்துட்டாரா?"

"எங்க அண்ணனைப் பத்தி இப்படிப் பேசாதீங்க" என்று கத்திவிட்டேன். கத்தினேனே தவிர உண்மையைச் சொல்லவில்லை. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை.

குழாயடியில் ராணியக்கா: "என்னடி சரசு, வெளிநாட்டு வண்டி மூடியே கெடக்குது? வயசுக்கு வந்த புள்ளை மாதிரி பொத்தி வெச்சிருக்கீங்க." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இன்னும் 17 நாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. பாயசம். சர்க்கரைக்குப் பதில் வெல்லம்.

அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று பாயசக் கிண்ணத்தோடு வேன் பக்கம் போனேன். டிரைவர் சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். சாவி போடாமல், ஸ்டியரிங்கில் கை. என்னைப் பார்த்ததும், "மீன்வாசம் போயிருச்சு அம்மிணி, நல்லாக் கழுவியிருக்க" என்றார்.

கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கோழை. வேறு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 16, புதன்

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

குன்னூரில் யாரோ ஏஜெண்டைப் பார்த்ததாக இவரே இப்போது சொன்னார். அவன் சொன்னது: "இதுக்கு எதுக்குங்க இத்தனை பாடு? லேத் பட்டறையில பஞ்ச் வெச்சு ரெண்டு எழுத்தை அடிச்சுவுட்டா தீந்துது. கண்டுபுடிக்கவே முடியாது." நாளை மறுநாள் பெரிய வெள்ளி, ஆபீஸ் லீவு. அன்றைக்குப் பட்டறைக்கு ஓட்டிப் போவதாக முடிவு. அண்ணனுக்குத் தெரியாமல்.

தேய்த்தது அறியாமை. அடிப்பது திருட்டு. வண்டியும் போகும், ஆளும் ஜெயிலுக்குப் போவார். திருப்பூரே தேவலை என்று ஆகிவிடும்.

நாளை காலை முதல் பஸ். இவரிடம் அம்மன் கோயில் என்று சொல்ல வேண்டும். அம்மன் மன்னிக்கட்டும்.

எடுத்துப் போக:
- தேய்த்த உப்புத்தாள் (விறகு மூட்டைக்கு மேலே கிடந்தது, நல்ல வேளை எரிக்கவில்லை)
- மரக்கட்டை
- ஃபேக்டரி அடையாள அட்டை
- ஸ்வெட்டர்

ஏப்ரல் 17, வியாழன்

பஸ்ஸில் நின்றபடியே. ஒன்பதரைக்கு ஆபீஸ், பி.இ. பதினொன்றுக்கு வந்தார்.

மேசை மேல் உப்புத்தாளையும் கட்டையையும் வைத்தேன். "சார், அண்ணன் மேல தப்பில்லைங்க. நாந்தானுங்க தேய்ச்சது. பூஜைக்கு." ஆயுத பூஜை, ரோலர் தகடு, டீ மேக்கர், எல்லாம் ஒரே மூச்சில். நடுவில் அழுகை வேறு. வெட்கம்.

அவர் கேட்டுவிட்டு ஃபைலைத் திறந்தார். ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். அண்ணன் கையெழுத்து. தேதி எட்டு.

"நான்தான் தேய்த்தேன். கம்பி பிரஷ் கொண்டு துரு எடுத்தேன். என் குடும்பத்தாருக்கு இதில் சம்பந்தம் இல்லை."

நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"இது கம்பி பிரஷ் இல்லைம்மா. பார்த்தாலே தெரியுது. ஓனரே நம்பரைத் தேய்ச்சேங்கறாரு, எதுல தேய்ச்சாருன்னு பொய்யும் சொல்றாரு. நான் என்னன்னு நெனைக்கறது? இதனாலதான் ஃபைல் நின்னுது."

என்னைக் காப்பாற்ற எழுதிய தாளே அண்ணன் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

"அப்ப வண்டி போயிருமுங்களா சார்?"

"அது இன்னும் சொல்ல முடியாது. நீங்க நடந்ததை எழுதுங்க. இந்தத் தாளும் கட்டையும் இங்கயே இருக்கட்டும். வண்டி இறங்கறப்ப மும்பையில ஒரு பென்சில் பிரிண்ட் எடுத்திருப்பாங்க. அதைக் கேட்டு எழுதறேன். கதவுத் தூண்ல கம்பெனித் தகடு ஒண்ணு இருக்கும். ரெண்டும் ஒத்துப்போனா சரி." பிறகு எழுந்துகொண்டே, "அந்தத் தகட்டையாச்சும் தொடாம இருக்கீங்களா?"

தொடவில்லை. அது கண்ணில் படவே இல்லை. கடவுள் இருக்கிறார்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். பஞ்ச் விஷயமும் சேர்த்து. இவர் வேன் சாவியை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தார். பிறகு அண்ணனிடம், "மன்னிச்சுக்குங்க மச்சான், நான் உங்களையத் தப்பா நெனைச்சுப்போட்டேன்." என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்ணா?" என்றேன்.

"பி.இ. சீட்டைத் தூக்கறப்பவே பார்த்தேன் அம்மிணி. நம்பருக்கு நடுவால சந்தனம் காஞ்சு கெடந்துது. நம்ம ஊட்டுல வேற யாரு வெப்பா?"

ஏப்ரல் 21, திங்கள்

வெயில். இவர் இன்னும் பேசவில்லை. தட்டு வைத்தால் சாப்பிடுகிறார், அவ்வளவு. திருப்பூருக்கான பை கட்டிலடியில். சட்டை இரண்டு, போர்வை, ஷேவிங் செட் எல்லாம் உள்ளே. எண்ணிப் பார்த்தேன்.

மும்பையிலிருந்து தகவல் இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மாலை நாலு மணிக்கு ரேஷன் கடை போனுக்கு ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து அழைப்பு. மும்பைப் பிரிண்ட் ஃபேக்ஸில் வந்துவிட்டது. நாளை வண்டியைக் கொண்டு வரச் சொல்கிறார்கள். ஒத்துப்போகிறதா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்கள்.

தற்காலிகப் பதிவு இன்னும் மூன்று நாள். அதிலும் சனி, ஞாயிறு ஆபீஸ் இல்லை. ஆக, நாளைதான்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஒத்துப்போயிற்று. கடைசி இரண்டு எழுத்து: 6, 1. தகட்டிலும் 6, 1. பி.இ. மூன்று முறை பார்த்துவிட்டு நம்பருக்குக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் எழுதிய தாளைத் தனியாக எடுத்து, "இதுக்கு நான் நடவடிக்கை எடுக்கோணும், தெரியுமுங்களா?" என்றார். அண்ணன் "தெரியுமுங்க" என்றார். பி.இ. எச்சரிக்கை மெமோ கொடுத்து, இனி பொய் எழுதமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

திரும்பும்போது கேத்தியில் டீ குடித்தோம். மூன்று பேரும். இவர் என் டம்ளரை வாங்கி ஆற்றிக் கொடுத்தார். இன்னும் பேச்சில்லை. போகட்டும், ஆற்றிக் கொடுத்தாரே.

வீட்டில் பையைப் பார்த்தேன். கட்டிலடியில் காலி. சட்டை கொடியில்.

வெள்ளிக்கிழமை. பூஜை. இந்தத் தடவை அண்ணனே சந்தனம் குழைத்தார். ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, விளக்குகளில் ஒவ்வொன்று. பிறகு சீட்டைத் தூக்கிவிட்டுக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"நம்பருக்கு நீ வெய்யி."

மாட்டேன் என்றேன். இவர் பின்னாலிருந்து, எட்டு நாள் கழித்து முதல் வார்த்தை: "வெய்யி புள்ள. தேய்க்காம வெய்யி."

வைத்தேன்.