டெலீட் அழுத்தும் நேரம்

12 நவம்பர் 2002, செவ்வாய்
லேசான குளிர். மஃப்ளர் எடுத்தாயிற்று. பவானிபூர் முழுக்க அதற்குள் குரங்குக் குல்லாய்.

கம்ப்யூட்டரில் இன்றும் தேதி தப்பு. இரவு அணைத்தபோது நின்ற மணியிலேயே நிற்கிறது. உள்ளே செல் வலுவிழந்துவிட்டது; போர்டோடு பற்றவைத்தது, மாற்றுவது கஷ்டம் என்கிறார் கடைக்காரர். வழக்கம்போல் பானு பீரோவுக்குப் பின்னால் கைவிட்டு சுவிட்சைப் போட்டாள். நான் கீபோர்டில் டெலீட்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். நீலத் திரை. தேதி, மணி திருத்தி, சேமித்து, வெளியே. ஒரு நொடி தவறினால் விண்டோஸ் வந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

"அப்பா, போட்டாச்சு! அமுக்குங்க, அமுக்குங்க!"

அடுக்களையிலிருந்து கல்யாணி: "அப்பாவும் மகளும் காலங்காத்தால ராக்கெட்டா விடுதிய?"

14, வியாழன்
பானுவுக்கு பெங்களூர் வேலை உறுதி. ஞாயிறு ஹௌராவில் வண்டி. வாங்க வேண்டியவை: பெட்டிப் பூட்டு, ஸ்வெட்டர், தலைவலித் தைலம். சந்தேஷ் வேண்டாம், கெட்டுப்போகும்.

ஆறு வருடமாக ஏழேகால் மணிக் கூச்சல். முன்பெல்லாம் பள்ளிச் சீருடையில், ஒரு காலில் மட்டும் ஷூவோடு ஓடிவந்து சுவிட்ச் போடுவாள். இனி யார்? கல்யாணியை இதற்கு ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

பீரோவை நகர்த்திக்கொள்ளலாம். சுவிட்ச் அல்ல கவலை. பிள்ளையோடு பேச எனக்கு வேறு சாக்கே தெரியாது.

16, சனி
ஆபீஸ் லீவு. மாடி வீட்டு சுப்ரதோ பாபு கடிதம் டைப் செய்ய வந்தார். எங்கள் கூத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஆரே மொஷாய், எத்தோ கஷ்டோ கேனோ?" எதற்கு இத்தனை கஷ்டம் என்று.

திரை மூலையில் இருக்கும் கடிகாரத்தை இரண்டு தட்டு. தேதியை மாற்றினார். முடிந்தது. அது மேலோடு சரி, உள்ளே மாறாது என்று வாதாடினேன். அணைத்துப் போட்டு நீலத் திரைக்குள் போய்ப் பார்த்தால், மாறித்தான் இருந்தது. விண்டோஸில் மாற்றினால் போதுமாம், அடிவரை போய்விடுமாம்.

ஆறு வருடம்! அசடு வழிந்தது. பானு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் படித்தவள்.

17, ஞாயிறு
ஹௌரா. கூட்டம். பெட்டியை சீட்டுக்கடியில் தள்ளியாயிற்று. வண்டி கிளம்பப் பத்து நிமிடம். கேட்டேவிட்டேன்.

"உனக்கு அது தெரியாதா?"

"காலேஜ் முதல் வருஷமே தெரியும்ப்பா."

"ஏன் சொல்லல?"

"தூர் பாபா! சொன்னா நீங்களே பண்ணிக்கிடுவீங்க. அப்புறம் காலையில என்னை எதுக்குக் கூப்பிடப்போறீங்க?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்தேன். ஏற்கெனவே இரண்டு இருந்தது.

18, திங்கள்
பனி. வீட்டில் சத்தமே இல்லை. ஏழேகால்.

கம்ப்யூட்டர் கடிகாரத்தில் இன்னும் சனிக்கிழமை. அதன்படி பானு இன்னும் வீட்டில் இருக்கிறாள். மூலையில் இரண்டு தட்டு போதும். தட்டவில்லை. அணைத்துவிட்டு, கல்யாணியைக் கூப்பிட்டேன்.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். பீரோவுக்குப் பின்னால் குனிந்து, "எந்த சுவிட்சு?" என்றாள்.