மூவாயிரம் மீட்டர்தான்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். மேல்வீட்டுக் குழாய் மறுபடி ஒழுகி, நம் குளியலறைக் கூரையில் ஈரம் படர்ந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்கிறார். நீயும் அவரும் ஒரே பள்ளிக்கூடம் போலிருக்கிறது. இனி சொல்லப்போவதைப் போனில் சொன்னால் சிரித்து மழுப்புவாய் என்றுதான் கடிதம்.

மலையேற்றத்துக்கு எந்தப் பயணக் காப்பீடு நல்லது என்று கேட்டு மூன்று நிறுவனங்களின் விவரத்தையும், நீ நிரப்பிய விண்ணப்பத்தையும் அனுப்பியிருந்தாய். எங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவில் என் வேலை பெரும்பாலும் 'இல்லை' என்பதை மரியாதையாக எழுதுவதுதான். அந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

முதலாவது மலிவு. அட்டையில் பனிமலைப் படம், உள்ளே மூவாயிரம் மீட்டரைத் தாண்டினால் பொறுப்பில்லை என்று பொடி எழுத்து. இரண்டாவதில் உயரத்துக்குத் தடையில்லை. ஆனால் ஹெலிகாப்டர் வேண்டுமென்றால் நீயே கூப்பிட்டு அனுமதி வாங்க வேண்டும். தலைசுற்றி வாந்தி எடுக்கிறவன் எங்கே போய் சிக்னல் தேடுவான்? மூன்றாவதில் வழிகாட்டி கூப்பிட்டாலே போதும், ஆறாயிரம் வரை செல்லும். விலை கையைக் கடிக்கும். அதையே எடு.

இனி உன் விண்ணப்பம். நீ போகிற கணவாய் ஐயாயிரத்து இருநூறு மீட்டர். நீ எழுதியிருப்பது மூவாயிரம். கை தவறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. "சின்ன மலைதாம்மா, மூவாயிரம் மீட்டர்தான்" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிப் பழகி, அதையே இங்கேயும் எழுதிவிட்டாய். அம்மா பொய்யை மன்னித்துவிடுவாள். எங்களைப் போன்றவர்கள் மன்னிக்க மாட்டோம்.

உயரத்தால் முன்பு உடம்புக்கு வந்ததுண்டா என்ற கேள்விக்கும் 'இல்லை' என்று போட்டிருக்கிறாய். போன வருஷம் நண்பன் தோளில் தொங்கிக்கொண்டு இறங்கி, என்னிடம் போனில் அழுதது பக்கத்து வீட்டுப் பையனா? அதையும் உள்ளபடி எழுது. டாக்டரைப் பார்த்துவிட்டு எழுது.

போன மாதம் ஒரு தகப்பனாருக்கு 'வருந்துகிறோம்' என்று கடிதம் அனுப்பினேன். அவர் மகன் எழுதிக் கொடுத்த உயரம் வேறு, விழுந்த உயரம் வேறு. அவர் நேரில் வந்தார். சண்டை போடவில்லை. "எங்கிட்டயும் அவன் சின்ன மலைன்னுதாங்க சொன்னான்" என்றார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அதற்கு மேல் கொடுக்க எங்கள் விதிகளில் இடமில்லை.

அவசரத்துக்குக் கூப்பிட உன் அறை நண்பனின் எண்ணைக் கொடுத்திருக்கிறாய். குடும்பத்தில் ஒருவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். என் எண்ணைப் போடலாம் என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல், "அஞ்சாயிரத்து இருநூறுல மூச்சு விட முடியுமாடி?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் உயரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

போன வாரம் நீ பேச்சுவாக்கில் கணவாயின் பெயரைச் சொன்னாயாம். அம்மா எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லிப் போனில் தேடிப் பார்த்திருக்கிறாள். ஏன் அவனைக் கேட்கவில்லை என்றேன். "அவனே சொல்வான்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். போகாதே என்று அவள் சொல்லப்போவதில்லை. அதை நான் அவளிடமே கேட்டுவிட்டேன்.

அதனால் விண்ணப்பத்தைத் திருத்தும் முன் அம்மாவைக் கூப்பிட்டுச் சரியான உயரத்தைச் சொல். திட்டுவாள், வாங்கிக்கொள். அவசர எண்ணாக அவளுடையதையே போடு. மூவாயிரத்துக்கு மேல் உனக்கு ஏதாவது ஆனால், அதை அவள் யாரோ ஒரு அந்நியர் சொல்லிக் கேட்கக் கூடாது என்றுதான் முதலில் என் எண்ணைப் போட நினைத்தேன். இப்போதுதான் அவளுக்கு எல்லாம் தெரியுமே. அப்படி ஒரு செய்தியையே அவள் கேட்கக் கூடாது.

தலை வலித்தால் பெருமை பார்க்காமல் திரும்பிவிடு. நான் எடுக்கச் சொன்ன காப்பீட்டில் ஒரு காசுகூட நமக்கு வர வேண்டாம். கட்டிய பணம் வீணாகப் போகட்டும். நல்லபடியாக ஏறு, நல்லபடியாக இறங்கி வா.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா