நீ வாய் திறந்த நேரத்தில் எழுதிய ஜாதகம்

இன்று காலை நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு குரல். "யக்கா, அந்த ஸ்டூல கொஞ்சம் குடுங்க, பேனர் கட்டிட்டுக் குடுத்துர்றோம்." கொடுத்தேன். எதிர்க் கம்பத்தில் இரண்டு பேர் ஏறி இழுத்துக் கட்டிவிட்டுப் போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பெண். தலையில் கிரீடம், கையில் பூச்செண்டு. மேலே பெரிதாகப் பூப்புனித நீராட்டு விழா என்று போட்டு, சுற்றிலும் மாமன்மார் முகங்களை வட்டம் வட்டமாக வைத்திருந்தார்கள். செங்கம் ரோட்டில் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாரும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்கள். ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நின்று போட்டோ எடுத்தார். ஏதோ அம்மன் என்று நினைத்துவிட்டார் போல.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. அழுதாயா என்று கேட்டால், அழுதேன். ஆனால் கோபம் போகவில்லை. இறந்தவர்களைக் குறை சொல்லக் கூடாதாம். நான் சொல்லத்தான் போகிறேன், கேட்டுக்கொள்.

எட்டாம் வகுப்பில் நீயும் நானும் ஒரே பெஞ்சு. கீழ்பென்னாத்தூருக்கு ஒரே வேனில் போவோம், ஒரே கபடி டீமில் இருந்தோம். நான் ரெய்டு போகிறவள். நீ வெளியே உட்கார்ந்து எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொள்ளும் சப்ஸ்டிட்யூட். அந்த வருஷத் தொடக்கத்தில் எனக்கு உடம்பில் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. மார்பில் ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டு, மண்ணில் விழுந்தால் உயிர் போகிற வலி. புற்றுநோய் என்றே முடிவு கட்டி உன்னிடம் வந்து அழுதேன். நீ அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்னை இழுத்துப் போனாய். டீச்சர் "இத வீட்ல படிச்சிக்கோங்க" என்று தாண்டிப் போன பாடம் அது.

நீ விரல் வைத்து வாசித்தாய். "தலைக்குள்ள பட்டாணி சைஸ்ல ஒரு சுரப்பி கீதாம்டி. அது உத்தரவு போடுதாம். அதுக்கப்புறம்தான் எல்லாம் நடக்குதாம்."

"என்ன எல்லாம்?"

"உயரம் ஆவுறது, பரு வர்றது, அக்குள்ல முடி, இடுப்பு அகலமாறது... ஒரு பக்கம் மொதல்ல, இன்னொரு பக்கம் அப்புறமா வரலாம்னு போட்டுருக்கு. நீ சாவ மாட்ட." அப்புறம் உன் ஒல்லி உடம்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "என் பட்டாணி இன்னும் தூங்கினு இருக்குது போல" என்றாய். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

சிரித்தாலும் எனக்கு அந்தப் பட்டாணி மேல் ஆத்திரம்தான். ஆறு மாதத்தில் நாலு விரல்கடை உயர்ந்துவிட்டேன். கால் என்னுடைய கால் மாதிரி இல்லை. கோட்டைத் தொட்டுவிடலாம் என்று நினைத்து நீட்டினால் ஒரு சாண் தள்ளி விழுந்தது. நெற்றி முழுக்கப் பரு. காரணமே இல்லாமல் அழுகை வந்தது, அம்மா கூப்பிட்டாலே எரிச்சல் வந்தது. என் உடம்பு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என்னை விட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. முதலில் என்னைக் காட்டிக் கொடுத்தது அதுதான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவது ஆள் நீ.

அந்த வருஷம் எனக்கு எது முக்கியம் என்று உனக்குத் தெரியும். உன்னைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு தெரியாது. தை மாதம் விளையாட்டு விடுதிக்குத் தேர்வு. எங்கள் பள்ளியிலிருந்து ஒருத்தியை அனுப்புவார்கள். அது நான்தான் என்று பேசி முடித்தாகிவிட்டது. இடம் கிடைத்தால் பன்னிரண்டாவது வரை படிப்பு, சாப்பாடு, தங்கல் எல்லாம் அங்கேயே. கிடைக்காவிட்டால் என் அக்கா கதிதான். அவள் வயதுக்கு வந்த மறுவருஷம் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள், பதினெட்டு முடிந்த மாதம் மாலை போட்டார்கள். "ஆட்டமெல்லாம் பெரிய மனுஷி ஆவுற வரைக்கும்தான்" என்று அப்பா என்னிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் பிராக்டீஸ் முடிந்து நான் முன்னால் நடக்க, நீ பின்னாலிருந்து ஓடி வந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தாய். "நடக்காத. நில்லு. திரும்பாத." பையிலிருந்து இங்க் பேனாவைத் திறந்து என் நீலப் பாவாடையின் பின்பக்கம் உதறினாய், மூன்று தடவை. "இங்க் கொட்டிடுச்சுன்னு சொல்லு." வீட்டுக்குப் போனதும் அம்மா முதுகில் ஒன்று வைத்து, "எழுதினியா, இல்ல இங்க் மேல உக்காந்துனு இருந்தியா?" என்று கேட்டாள். அந்த அடியை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் மூன்று மாதம் நீ செய்ததற்கு எவளும் ஈடு கிடையாது. உன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்துக் கொடுத்தாய். நான் துவைத்துக் கொண்டு வரும் துணியை, உன் கைக்குழந்தைத் தம்பியின் கோவணத் துணிகளோடு கலந்து உன் வீட்டுக் கொடியில் காயப் போட்டாய். யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? "தை வரைக்கும்தானே, பாத்துக்கலாம் வா" என்பாய். என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய். நான் கேட்கக்கூட இல்லை, நீயாகத்தான் செய்தாய்.

கார்த்திகை தீபத்துக்கு இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து மலை சுற்றக் கிளம்பினோம். அன்றைக்கென்று பார்த்து எனக்கு வந்துவிட்டது. நீ என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாய். முகம் வெளுத்திருந்தது.

"வேணாண்டி. தீட்டோட மலைய சுத்தக் கூடாது. வயிறு வலின்னு சொல்லிட்டு ஊட்லயே இரு."

"வயிறு வலின்னு சொன்னா அம்மா கண்டுபுடிச்சிடும்."

"சாமி குத்தம் ஆயிடும்டி."

"உன் புத்தகத்துல சாமின்னு எங்கனா போட்டுருந்துச்சா? பட்டாணின்னுதானே போட்டுருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு நடந்தேன். பதினாலு கிலோமீட்டரும் நடந்தேன். நீ ஒவ்வொரு லிங்கத்துக்கு முன்னாலும் எனக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தாய்.

மார்கழிக் கடைசியில் அப்பா வேர்க்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டரிலிருந்து சறுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. பார்க்க வந்த நீ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாய். அப்பாவைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது.

மூன்றாம் நாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது நீ குழாயடியில் என் அம்மாவோடு நின்றிருந்தாய். அம்மாவின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவள் அதை எடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் நீ தலையைக் குனிந்துகொண்டு ஓடினாய். எதற்காக ஓடினாய்? நின்றிருந்தால் உன் முகத்தில் காறித் துப்பியிருப்பேன், அவ்வளவுதான்.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. "மூணு மாசமா தீட்டோட ஊட்ல பொழங்கினு இருந்தியேடி பாவி, அதான் அந்த மனுஷன் கால் ஒடிஞ்சி கெடக்குறாரு" என்று அழுதாள். வீட்டைக் கழுவி, பாத்திரம் பண்டமெல்லாம் வெளியே போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். மூன்று மாதம் என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று, இன்று காலைதான் என்று ஊருக்குச் சொன்னாள். அத்தை வந்து தண்ணீர் ஊற்றினாள், மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டினார். பதினாறு நாள் அதற்குள் உட்கார வேண்டும். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் தவிர வேறு பேச்சே இல்லை.

ருது ஜாதகம் எழுத ஜோசியர் வந்தார். "எத்தினி மணிக்கு?" என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்து, "பால்காரன் போன கையோட, ஏழே கால் இருக்கும்" என்றாள். அது நீ குழாயடியில் வாய் திறந்த நேரம். என் உடம்புக்கும் அந்த நேரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதற்கு ஒரு நட்சத்திரம், ஒரு லக்னம், இரண்டு தோஷம், ஒரு பரிகாரம். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் பின்னால் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பத்தில் எட்டுப் பொருத்தம் என்றார்கள். அந்தப் பொருத்தம் அவருக்கும் நீ வாய் திறந்த நேரத்துக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், அது வேறு விஷயம்.

குடிசையில் பதினோராம் நாள் விடுதித் தேர்வு நடந்தது. எனக்குப் பதிலாக யார் போனது என்று அத்தை மகள் வந்து சொன்னாள். "செருப்பு பாத்துக்குவாளே, அவதான். செலக்ட் ஆயிட்டாளாம்." உன் பட்டாணி இன்னும் தூங்கிக்கொண்டிருந்ததால் உன்னை யாரும் நிறுத்தவில்லை. விடுதிக்குப் போவதற்கு முன் நீ ஓலைத் தட்டிக்கு வெளியே வந்து நின்று என் பெயரைக் கூப்பிட்டாய். நான் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

பத்தாவதோடு என்னை நிறுத்தினார்கள். நீ படித்தாய், பி.டி. டீச்சர் ஆனாய், வேங்கிக்காலில் வீடு கட்டினாய். என் கல்யாணத்துக்கு வந்து, மேடையிலேயே என் காதோரம் சொன்னாய். "உங்கப்பா செத்துருவாருன்னு நெனச்சேண்டி. அடுத்தது நீன்னு பயந்துட்டேன். சத்தியமா சீட்டுக்காக இல்ல."

"சத்தியம்லாம் நீ பண்ணாத" என்று சொல்லிவிட்டு போட்டோகிராபரைப் பார்த்துச் சிரித்தேன்.

உன்னை நம்பவில்லை. இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் பயந்துபோய் உளறியிருக்கலாம் என்று புத்தி சொல்கிறது. அப்படியானால் தேர்வுக்கு ஏன் போனாய்? "அவளுக்குத்தான் அந்த எடம், எனக்கு வேணாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பயத்தில் சொன்னவளுக்கு, போட்டிக்குப் போய் ஓடி ஜெயிக்க மட்டும் எப்படித் தெம்பு வந்தது? இதற்கு நீ பதில் சொல்லாமலே போய்விட்டாய்.

போன வருஷம் நீ என் கடைக்கு வர ஆரம்பித்தாய். நாப்கின் வாங்க வருகிற பெண்களைத்தான் தினமும் பார்க்கிறேனே. ஆம்பிளைகள் போகட்டும் என்று ஓரமாக நிற்பார்கள், கண்ணாலேயே கேட்பார்கள், கறுப்பு கவரில் போட்டுக் கொடுத்தால்தான் கையை நீட்டுவார்கள். நீ அப்படி இல்லை. நேராக வந்து, "பெரிசா குடு" என்பாய். நான் எந்தக் கம்பெனி என்று மட்டும் கேட்பேன். எடுத்துக் கொடுப்பேன். நீ கொஞ்ச நேரம் கவுண்டர் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாய். நான் மருந்துச் சீட்டுகளை அடுக்குவேன். முதலில் மாதத்துக்கு ஒரு தடவை வந்தாய். ஆடிக்கு மேல் வாரத்துக்கு ஒரு தடவை. உன் முகம் வெளுத்து, கழுத்து எலும்பு தெரிந்தது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வயதாகிறதே, ஆகட்டும் என்று நினைத்தேன்.

சாவு வீட்டில்தான் உன் நாத்தனார் சொன்னாள். "ஒன்றரை வருஷமா நிக்காம போயினு இருந்திருக்குதுங்க. கர்ப்பப்பைல கட்டி. யார்கிட்டயும் மூச்சு விடல. ஸ்கூல்ல லீவு கேட்டா காரணம் சொல்லணுமேன்னு அதுவும் கேக்கல. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப எல்லாம் பரவிப் போச்சி."

என் ரத்தத்தை ஊர் முழுக்கத் தெரிய வைத்தவள் நீ. உன் ரத்தத்தை மட்டும் ஒன்றரை வருஷம் வாய் மூடி வைத்திருந்தாய். அந்த வாயை அன்றைக்குக் குழாயடியில் மூடியிருக்கக் கூடாதா? அல்லது இதையாவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டாவது தடவையும் ஏமாற்றிவிட்டாயே என்றுதான் உன் பாடைக்குப் பக்கத்தில் நின்று நினைத்தேன்.

பாழாய்ப்போன புத்தி, கணக்குப் போட்டது வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான். வேங்கிக்காலில் மருந்துக்கடையா இல்லை? உன் தெருமுனையிலேயே ஒன்று இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் எதிரில் இரண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு, வலியோடு ரெண்டு பஸ் மாறி, ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து, என் கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாய். நான் கேட்பேன் என்று நின்றிருக்கிறாய். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். உன்னிடம் ரகசியம் நிற்காது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். பதின்மூன்று வயதில் நீ செய்தது செய்ததுதான், அது அப்படியே இருக்கிறது. இப்போது மாதத்துக்கு இரண்டு தடவை பாக்கெட் வாங்கும் எவளையும் நான் சும்மா விடுவதில்லை. சின்னப் பெண்ணோ, பேரன் எடுத்தவளோ, கவுண்டருக்கு வெளியே வந்து நின்று, "எத்தினி நாளா போவுது? டாக்டராண்ட காட்டினியா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலர் சொல்கிறார்கள். சிலர், "உனுக்கு இன்னா அக்கறை?" என்று முறைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். முதலாளிக்கும் என் மேல் வருத்தம்தான்.

ஒருத்தி விடாமல் கேட்கிறேனடி. அத்தனை மாதம் என் முன்னால் வந்து நின்ற உன்னை மட்டும் கேட்கவில்லை.