மாமா பேச வேண்டிய வரி

பக்கத்து வீட்டில் இன்று காலை ஒரு தென்னையை அறுத்தார்கள். பச்சை மரத்தூள் வாசனை ஜன்னல் வழியாக என் கம்ப்யூட்டர் மேசைவரை வந்தது. உனக்கு நன்றாகத் தெரிந்த வாசனைதான். நம் கல்யாணமே அந்த வாசனைக்குள்தான் நடந்தது.

புயல் அடித்த மறுவாரமே முகூர்த்தம். உங்கள் ஆலங்குடிப் பக்கம் நிமிர்ந்து நின்ற தென்னைகளை எண்ணிவிடலாம். கரண்ட் இல்லை, போன் இல்லை, மண்டபத்துத் தகரம் யார் வயலிலோ கிடந்தது. உன் அப்பா கல்யாணத்தைக் கோயில் வாசலுக்கு மாற்றிவிட்டு, திருவரங்குளத்தில் இருந்த உன் தாய்மாமாவுக்கு அதைப் பால்காரரிடம் சொல்லி அனுப்பினார். போன வேகத்தில் பதில் வந்தது: "பால்காரன் சொல்லி வாரதுக்கு நான் என்ன கன்னுக்குட்டியா?"

தாய்மாமன் இல்லாமல் மாலை எடுத்துக் கொடுப்பது யார்? உன் வீட்டார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். கடைசியில் மாப்பிள்ளையான நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டிப் போனேன். திரும்பி வந்தது வயல் வழியே டிராக்டரில், இளநீர்க் குலைகளின் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் மாமாவோடு. குடிதண்ணீருக்கே திண்டாடிய கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி இளநீர் ஓடியது. மனைவியாக நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "மாமா எப்படிங்க மனசு மாறுனாரு? என்ன சொன்னாரு?"

யாரிடமும் சொல்லக் கூடாதென்று மாமா கேட்டிருந்தார். நீ வருடக்கணக்காகக் கேட்டும் நான் சொல்லவில்லை.

புதுக்கோட்டையில் குடித்தனம் வைத்த பிறகு என் பைத்தியம் உனக்குத் தெரியவந்தது. உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை விளையாட்டுகள். பாழடைந்த ஊர்களில் நடந்து, பிழைத்திருப்பவர்களிடம் பேசி, அவர்கள் சொல்லும் வேலையைச் செய்துகொண்டு போக வேண்டும். நீ பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திவிட்டு வந்து, காபியோடு என் பக்கத்தில் உட்காருவாய். நான் வியந்த உலகத்தை ஒரு நிமிடத்தில் கவிழ்த்துவிடுவாய்.

"அழிஞ்சு இருநூறு வருஷமாச்சுங்குறாக. இன்னும் ஒருத்தரும் வீடு கூட்டலையா? எலும்புக்கூட்டுக்குப் பக்கத்துல கட்டில் போட்டுப் படுத்துருக்காக!"

"அது ஒரு சூழலுக்காக வச்சது" என்பேன்.

"என்ன சூழலோ. வந்தவன எந்த ஊருன்னு கேக்கல, ஒரு வாய் தண்ணி குடுக்கல. எடுத்த எடுப்புல, போயி நாலு பேரைச் சுட்டுட்டு வான்னு சொல்றாக. ஒங்க ஆளும் சரின்னு கெளம்புறாரு!"

வெறும் நக்கல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு நாள் ஒரு விளையாட்டில் ஒரு வியாபாரி வந்தான். கதைக்கு அவன் தேவையே இல்லை. ஆனால் எப்போது பேசினாலும் பக்கத்துக் கடைக்காரன் இவன் கடை நிழலைப் பிடித்துக்கொள்கிறான் என்று புலம்புவான். நீ காபியைக் கீழே வைத்துவிட்டாய். "இந்தா, இதத்தான் சொன்னேன். உலகம் எப்படி அழிஞ்சதுன்னு யாரு வேணா எழுதலாம். அழிஞ்ச பெறகும் எதுக்குச் சண்டை போடுறாகன்னு எழுதுனாத்தாங்க அது ஊரு." அன்று என் கையிலிருந்த மவுசை நீ பிடுங்கினாய். அந்த விளையாட்டை ஒரு குண்டுகூடச் சுடாமல், எல்லோரிடமும் பேசியே முடித்தாய். எனக்குப் பொறாமையாக இருந்தது.

நம் விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. மழை நின்றுபோன ஒரு காலம், செம்மண், காய்ந்த முந்திரிக்காடு. அந்த உலகத்தின் பெரிய சிக்கல் அரக்கனும் இல்லை, அணுகுண்டும் இல்லை. ஒரு கல்யாணம். விளையாடுகிறவர்தான் மாப்பிள்ளை; கோபித்துக்கொண்ட தாய்மாமனை அவர் போய் அழைத்து வந்தால்தான் அது நடக்கும். நான் நிரல் எழுதினேன். பேச்செல்லாம் நீ. நான் எழுதிய ஒரே பேச்சைப் படித்துவிட்டு, "மனுசன் பேசுறாப்ல இல்லைங்க, டவுன் பஸ்ஸு போர்டு பேசுறாப்ல இருக்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். அதன்பிறகு நான் எழுதத் துணியவில்லை. உன் பேச்சுகளை விளையாடித்தான் பார்க்க வேண்டும், கோப்பைத் திறந்து படிக்கக் கூடாது என்பது உன் சட்டம். நானும் மீறவில்லை.

எல்லாம் எழுதி முடித்து ஓரிடத்தை மட்டும் காலியாக விட்டாய். வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் மாமன், எழுந்து வருவதற்கு முன் சொல்லும் வரி. அது இல்லாமல் கதை அதற்கு மேல் ஓடாது. "அது ஒங்க வரி. ஒங்களுக்குத்தான தெரியும்? என்னைக்குச் சொல்றீகளோ அன்னைக்கு நம்ம கேம் முடியும்" என்றாய். நான் சிரித்து மழுப்பினேன். காலம் கிடக்கிறது என்று நினைத்தேன். காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவில்லை. விளையாட்டும் அந்த வாசலிலேயே நின்றுபோனது. அதை முடிக்காவிட்டால் நீ எழுதிய அத்தனை பேரும் யாரும் பார்க்காமலே போய்விடுவார்கள் என்ற பயம் மட்டும் என்னை விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்கப் போனேன். அந்த வார்த்தையை விளையாட்டில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"போட்டுக்கங்க மாப்ள. அதுதான் அவளுக்கே தெரியுமே?"

"அவகிட்ட நான் சொல்லலையே மாமா. நீங்கதான சொல்லக் கூடாதுன்னீக?"

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அட, பொண்டாட்டிகிட்டச் சொல்லாதன்னு சொன்னா எவனாவது கேப்பானா? ஊருக்குச் சொல்ல வேணாம்னுல்ல சொன்னேன்!" தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வந்து உட்கார்ந்து அந்த இடத்தை நிரப்பினேன். அன்று மாமா சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் போட்டேன்: "தோப்பு மொத்தமும் போச்சு மாப்ள. அங்க வந்தா அழுதுருவேன். கல்யாண வீட்டுல அழுகலாமா? அதான் கோவம்னு சொல்லிட்டேன். கோவமா இருக்குறவன ஏன்னு யாரும் தோண்டிக் கேக்க மாட்டாக."

பிறகு விளையாட்டை ஓட்டினேன். மாமன் பேசினார், எழுந்தார், செம்மண் பாதையில் என்னோடு நடந்தார். கோயில் வாசலில் மணப்பெண் அவர் கையிலிருந்த மாலையை வாங்கினாள். மாமன் வீட்டு வாசலுக்கு அப்பால் நான் விளையாடிப் பார்த்ததே இல்லை. நீ அவளுக்கு எழுதி வைத்திருந்த பேச்சு திரையில் வந்தது:

"அழுகை வந்தா அழுதுக்கங்க மாமா. நான் அன்னைக்கே ஒங்க கண்ணப் பாத்துட்டேன். இவருதான் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு."

அடி கள்ளி! தெரிந்து வைத்துக்கொண்டேதான் அத்தனை வருடமும் கேட்டாயா?

வீடே அதிரச் சிரித்தேன். நம் விளையாட்டு முடிந்துவிட்டது.